மேற்குப் புறநகரின் கதை – 17: நீரைப் பிரித்த மின்சாரம்

அம்பத்தூருக்கு சைக்கிள் வந்த கதையைச் சென்ற பகுதியில் பார்த்தோம். 1949இல் முருகப்பா குடும்பத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. அந்தக் காலத்தில் சைக்கிள் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பளபளப்பைத்தான். ரிம், ஹேண்டில்பார், மணி எல்லாம் முகம் பார்க்கும்படி மின்ன வேண்டும். அந்த மினுமினுப்பைக் கொடுத்தது நிக்கல் பூச்சும் அதன்மேல் மெல்லிய குரோமியப் பூச்சும். இந்தப் பகுதி அந்தப் பூச்சுத் தொட்டியில் தொடங்குகிறது.

குரோமியம் பூசும் தொட்டியை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம், அதில் நூறில் ஒரு பங்கு கந்தக அமிலம். கருஞ்சிவப்பாக, கை பொறுக்கும் சூட்டில் கரைசல் நிற்கும். இருபுறமும் ஈயத் தகடுகள், நடுவில் தொங்கவிட்ட ரிம். ரெக்டிஃபையரை முடுக்கிய அடுத்த நொடி கரைசல் முழுக்க நுரை பொங்கும். வெந்நீர் கொதிப்பதுபோல் தோன்றினாலும் அது கொதிப்பு இல்லை. ரிம்மின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் பிறந்து குமிழ்குமிழாக மேலே வருகிறது. தொட்டிக்குள் பாயும் மின்சாரத்தில் குரோமியத்தைப் படியவைக்கப் பயன்படுவது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்குதான். மீதி ஏறக்குறைய எல்லாம் நீரைப் பிரிப்பதில் செலவாகிறது. 1000 ஆம்பியர் ஓடும் தொட்டியொன்றில் 15 பங்கு குரோமியத்துக்குப் போனதாக வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 350 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறுகிறது.

பள்ளிக்கூடத்தில் நீரின் மின்னாற்பகுப்பு என்று நாம் படித்த பாடம் இதுதான். சைக்கிள் யுகம் தொடங்கிய நாளிலிருந்து இந்தப் புறநகரின் பட்டறைகளில் நாள் தவறாமல் அது நடந்துவருகிறது. ஆனால் பட்டறைத் தெருவிலிருந்து நான்கு தெரு தள்ளியிருக்கும் வகுப்பறைக்கு அது போய்ச் சேர்ந்ததா? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைத்தான் தொடர்கிறது.

லண்டனில் ஒரு மே மாதம்

1800 மார்ச் 20 அன்று இத்தாலியின் அலெஸாண்ட்ரோ வோல்டா, லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். இரண்டு வகை உலோகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டையை வைத்தால் மின்சாரம் இடைவிடாமல் கிடைக்கும் என்றது அந்தக் கடிதம். அதுவரை மின்சாரம் என்றால் தேய்த்து உண்டாக்கும் பொறிதான். வந்த வேகத்தில் போய்விடும். ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரம் மனிதனின் கைக்கு வந்தது அப்போதுதான்.

கடிதம் அச்சேறும் முன்பே அதன் செய்தி அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஆண்டனி கார்லைலுக்குத் தெரிந்தது. அவர் நண்பர் வில்லியம் நிக்கல்சனுடன் சேர்ந்து அடுக்கு ஒன்றைக் கட்டினார். அதற்கு அவர் எடுத்தவை 17 வெள்ளி நாணயங்கள், அதே அளவு துத்தநாக வில்லைகள், உப்புநீரில் ஊறிய அட்டைகள். நிக்கல்சன் இளம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் பணியாற்றியவர். பின்னாளில் அறிவியல் இதழொன்றைச் சொந்தமாக நடத்தினார்.

அடுக்கின் உச்சியில் கம்பி சரியாகத் தொடவேண்டும் என்பதற்காக ஒரு சொட்டு நீர் விட்டார்கள். அந்தச் சொட்டில் சிறு குமிழிகள் எழுவதைக் கார்லைல் கவனித்தார். மே 2ஆம் தேதி ஒரு கண்ணாடிக் குழாயில் ஆற்று நீரை நிரப்பி, இரு முனைகளிலும் பித்தளைக் கம்பிகளைச் செருகினார்கள். ஒரு கம்பியிலிருந்து எரியும் வாயு வந்தது. மற்றது கறுத்து அரிக்கப்பட்டது. பித்தளைக்குப் பதில் பிளாட்டினக் கம்பி வைத்ததும் அந்தப் பக்கத்தில் ஆக்சிஜன் வந்தது.

அவர்களுக்கு முன்பே, 1789இல், ஆம்ஸ்டர்டாமில் இருவர் மின்பொறியால் நீரைப் பிரித்திருந்தார்கள். 1766இலேயே ஹென்றி காவெண்டிஷ் அந்த எரியும் வாயுவைத் தனியாக ஆராய்ந்திருந்தார். நீர் ஒரு தனிமம் இல்லை, இரு வாயுக்களின் சேர்மம் என்று லவாய்சியே 1783இல் நிறுவி, ஹைட்ரஜனுக்கு அதன் பெயரையும் கொடுத்திருந்தார். நிக்கல்சன்–கார்லைல் சோதனையின் சிறப்பு வேறு. இரண்டு வாயுக்களும் கலக்காமல் வெவ்வேறு இடத்தில் வந்தன. இரு கம்பிகளுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு அங்குலம் நீர் இருந்தது. பிரிவது ஒரே நீர்த்துளி என்றால், அதன் ஒரு பாதி இந்தக் கம்பியிலும் மறு பாதி இரண்டு அங்குலம் தள்ளியும் தோன்றுவது எப்படி? நடுவில் ஒரு குமிழியும் இல்லையே?

ஐரோப்பாவின் பேரறிஞர்களைப் பல ஆண்டுகள் குழப்பிய கேள்வி இது. 1806இல் தியோடர் க்ரோத்தஸ் என்ற இளைஞர் ஒரு விடை சொன்னார்: நடுவிலுள்ள துகள்கள் வரிசையாக நின்று பக்கத்துத் துகளோடு பங்குகளை மாற்றிக்கொள்கின்றன, வரிசையின் இரு கோடிகளில் மட்டும் வாயு விடுபடுகிறது. நீரில் ஹைட்ரஜன் அயனி நகரும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். வகுப்பில் இந்தச் சோதனையைக் கூர்ந்து பார்க்கும் பிள்ளை இதே கேள்வியைக் கேட்கக்கூடும். கேட்டால் அந்தப் பிள்ளை 1800ஆம் ஆண்டின் அறிஞர்களோடு சரிசமமாக நிற்கிறது என்று ஆசிரியர் சொல்லலாம்.

கற்பிப்பதற்கென்றே பிறந்த கருவி

இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் என்ற கணக்கை 1805இல் கே-லுசாக்கும் ஹம்போல்ட்டும் துல்லியமாக அளந்தார்கள். ஆனாலும் நீரின் வாய்பாடு உடனே முடிவாகவில்லை. ஒரு ஹைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு என்றுதான் டால்டன் வைத்திருந்தார். 1860இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மாநாட்டில் கனிஸாரோ வாதாடிய பிறகே இன்று நாம் எழுதும் வாய்பாடு நிலைபெறத் தொடங்கியது.

சூட்டோடு சூடாக அதை மாணவர் கண்முன் காட்ட ஒரு கருவி தேவைப்பட்டது. லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியில் கற்பித்த ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன் அதைக் கொடுத்தார். நிமிர்ந்த மூன்று கண்ணாடிக் குழாய்கள், இரண்டின் தலையில் திருகு, அடியில் பிளாட்டினத் தகடு. மின்சாரம் பாய்ந்ததும் ஒரு குழாயில் நீர் மட்டம் மற்றதைவிட இருமடங்கு இறங்கும். வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம். கடைசிப் பெஞ்சிலிருந்தே கண்ணால் படிக்கலாம். 1860களின் நடுவில் உருவான அந்தக் கருவியின் படம் உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

இடையில் ஃபாரடே வந்துவிட்டார். வெளிப்படும் பொருளின் அளவு பாய்ந்த மின்னூட்டத்தின் அளவைப் பொறுத்தது என்று 1834இல் அவர் வெளியிட்ட விதி, சோதனைக்குழாய்க்கும் பொருந்தும், பூச்சுத் தொட்டிக்கும் பொருந்தும். 1840இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தினர் மின்முலாம் பூசுவதற்குக் காப்புரிமை பெற்றார்கள். முலாம் பூசும் தொழில் வேரூன்றிய அதே பர்மிங்ஹாம்தான் பின்னர் சைக்கிள் தொழிலின் தலைநகராகவும் ஆனது. அம்பத்தூரில் தயாரான ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. பெயர்கள் அங்கிருந்து வந்தவை. பிரித்துப் பார்க்கும் அறிவும் பூசிப் பிழைக்கும் தொழிலும் அந்த ஊரில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன.

தமிழுக்கு வந்த வேதியியல்

தமிழர் இந்தப் பாடத்தைத் தம் மொழியில் படிக்கத் தொடங்கியது யாழ்ப்பாணத்தில். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், வேதியியல் தெரியாமல் மருத்துவம் நிற்காது என்று உணர்ந்தவர். அவர் மேற்பார்வையில் 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெருநூல் தமிழில் வெளியானது. அம்பத்தூரில் ஆலைகளே இல்லாத காலம் அது.

சேலத்தில் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டார்கள். பொதுமக்களுக்கு வேதியியலைச் சொல்ல ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலையும் ராஜாஜி எழுதினார். 1930களின் இறுதியில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழிவழிப் பாடம் பரவத் தொடங்கியது. பெ.நா. அப்புசாமி போன்றோரின் கட்டுரைகளும், 1954 முதல் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த கலைக்களஞ்சியத் தொகுதிகளும் பள்ளி ஆசிரியருக்குத் துணை நின்றன.

நூல் வந்தது, கருவி எல்லா இடத்துக்கும் வரவில்லை. பிளாட்டினத் தகடு வைத்த கண்ணாடிக் கருவி நகரத்துக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகும். புறநகரின் ஊராட்சிப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நீரின் மின்னாற்பகுப்பு என்பது கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்த படம். பாகம் குறித்தால் ஐந்து மதிப்பெண். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்து, கல்லூரியில் இருந்த புகுமுக வகுப்பின் பாடங்கள் பள்ளிக்கு இறங்கியபோதுதான் பல பள்ளிகள் முதன்முதலாக முறையான வேதியியல் ஆய்வகத்தைக் கண்டன. அங்கும் பிப்பெட்டும் பியூரெட்டும் உப்புப் பகுப்பாய்வும்தான் தேர்வுக்குரியவை. நீரைப் பிரிப்பது படத்திலேயே நின்றது.

காரைக்குடியும் ஆவடியும்

பள்ளிகளில் கருவி இல்லாத அந்தக் காலத்தில் நாடு மின்வேதியியலை எவ்வளவு மதித்தது என்பதற்குச் சான்று காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, சாந்தி ஸ்வரூப் பட்நாகரின் முயற்சியில், 1948 ஜூலை 25 அன்று மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில், ஜனவரி 14 அன்று, டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். முலாம் பூசுதல், அரிமானத் தடுப்பு, மின்கலம், உலோகப் பிரிப்பு என்று மின்சாரமும் வேதியியலும் சந்திக்கும் எல்லாத் துறைகளுக்கும் அது தாய்வீடு.

நங்கலில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் ஆலை 1961இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே அதோடு இணைந்து இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் வந்தது. பின்னாளில் மின்சாரத்தின் அருமை கூடியதும் எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது மலிவாகிவிட, நீரைப் பிரிக்கும் பெருந்தொழில் பின்வாங்கியது. இன்று இந்தியா பயன்படுத்தும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்து வருவதுதான். அதனால் கரியமில வாயுவும் கூடவே வருகிறது.

நமது புறநகரில் 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச மாதிரிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பின்வந்த பத்தாண்டுகளில் பாடியிலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. 1959இல் டன்லப், 1961இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அதே கட்டத்தில் பாடியின் டி.வி.எஸ். குழும ஆலைகள், 1960களில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. பெரிய ஆலைக்கு உதிரி பாகம் செய்யும் சிறு பட்டறைகள் வந்தன. அந்தப் பாகங்களுக்குத் துத்தநாகமும் நிக்கலும் குரோமியமும் பூசும் பிளேட்டிங் பட்டறைகள் சந்துக்குச் சந்து முளைத்தன.

தொட்டியடியில் வளர்ந்த அறிவு

அந்தப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஹைட்ரஜனைப் பற்றி அனுபவத்தில் தெரிந்தவை ஏராளம். உறுதிமிக்க எஃகு போல்ட்டுக்குத் துத்தநாகம் பூசினால் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. அமிலத்தில் கழுவும்போதும் பூச்சுத் தொட்டியில் தொங்கும்போதும் பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு சிறு பகுதி, குமிழியாகாமல் எஃகுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளிப்பார்வைக்கு போல்ட் நன்றாகவே இருக்கும். வண்டியில் முறுக்கிப் பொருத்தி சில மணி நேரமோ சில நாளோ கழிந்ததும் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தலை தெறித்துவிடும். அதனால் பூச்சு முடிந்த நான்கு மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி சூட்டு அடுப்பில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். பட்டறை மொழியில் இது பேக்கிங். உள்ளே புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்றும் வழி இது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது என்று புத்தகம் சொல்வதன் பொருளை ஒரு போல்ட் இப்படிக் காட்டிவிடுகிறது.

குரோமியத் தொட்டியின் குமிழிகள் மேலே வந்து உடையும்போது கரைசலை நுண்துளிகளாகத் தெறித்துக் காற்றில் கலக்கும். அந்தப் பனியைத் தொடர்ந்து சுவாசித்தவர்களுக்கு மூக்கின் நடுத்தண்டில் புண் வந்து ஓட்டை விழுவது உலகமெங்கும் இத்தொழிலில் பதிவான துன்பம். புற்றுநோய் அபாயமும் உண்டு. உறிஞ்சு குழாயும் நுரை அடக்கும் மருந்தும் வைப்பது அதற்காகத்தான். பளபளத்த ஒவ்வொரு ரிம்முக்குப் பின்னாலும் இந்த உழைப்பாளிகளின் மூச்சு இருந்தது. இந்தப் புறநகரின் வரலாற்றை எழுதுகிறவர் அதை விட்டுவிடக் கூடாது.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோம். உள்ளே இருந்த நீரில் ஒரு பகுதி ஆவியாகியிருக்கும். இன்னொரு பகுதி சார்ஜ் ஏறும் கடைசிக் கட்டத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து போயிருக்கும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றப் போதும். பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், பீடி பற்றவைக்கக் கூடாது என்று மெக்கானிக் சொல்வது இதனால்தான்.

ஆக, இந்த மண்ணில் பாடத்துக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதே இல்லை. தொழிற்பயிற்சி நிலையங்களுக்கான பட்டியலில் எலக்ட்ரோபிளேட்டர் என்றே ஒரு பிரிவு உண்டு. ஆனால் பத்தாம் வகுப்புப் பாடத்துக்கும் அந்தப் பிரிவுக்கும் நடுவில் பாலம் கட்டப்படவில்லை. தகப்பன் பூச்சுத் தொட்டியில் நிற்பார். மகள் அதே வேதிவினையைச் சமன்செய்து எழுதுவாள். இரண்டும் ஒன்று என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அந்த வீட்டில் அறிவியல் பேச்சாகவே மாறியிருக்கும்.

வகுப்பறையில் செய்து காட்டுவது

இந்தப் பாலம் கட்டும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஆய்வகங்களை இழந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காகத் தொடங்கிய பணி, 1956இல் யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் கையேடாக விரிந்தது. கண்ணில் பட்ட டப்பாவையும் கம்பியையும் கொண்டே சோதனை செய்யலாம் என்று அது உலகுக்குக் காட்டியது. தமிழ்நாட்டில் 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் சிறுவர் இதழான ‘துளிர்’-உம் அந்த எண்ணத்தை ஊர் ஊராகக் கொண்டுபோயின. 2022 நவம்பர் 28 அன்று தொடங்கிய வானவில் மன்றம், 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடமாடும் அறிவியல் செயல்விளக்கத்தைக் கொண்டுவந்தது.

நீரைப் பிரிக்கும் சோதனைக்குத் தேவையானவை எல்லாப் பள்ளியிலும் கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் குவளை, அடியில் இரண்டு துளை, அவற்றில் ரப்பர் அடைப்பான் வழியாக இறுகச் செருகிய இரண்டு பென்சில் கரி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, நீர் நிரப்பிக் கவிழ்த்த இரண்டு சோதனைக்குழாய். சுத்தமான நீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அதனால் ஆசிரியர் கையால் சில சொட்டு நீர்த்த கந்தக அமிலமோ, கொஞ்சம் சமையல் சோடாவோ சேர்க்க வேண்டும். 100 மில்லி ஆம்பியர் ஓடினால், 10 மில்லி லிட்டர் ஹைட்ரஜன் சேரச் சுமார் 13 நிமிடம் ஆகும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும். ஃபாரடே விதியை வைத்து இந்த 13 நிமிடத்தைப் பிள்ளைகளே முன்கூட்டிக் கணக்கிட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் அந்த விதி பிறகு எந்தத் தேர்விலும் மறக்காது.

செய்யக் கூடாதவை மூன்று. சாப்பாட்டு உப்பைப் போடக் கூடாது. நேர்மின்வாயில் குளோரின் என்ற நச்சு வாயு வரும். எவர்சில்வர் கரண்டியை மின்வாயாக வைக்கக் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் கரைந்து இறங்கலாம். வீட்டு மின்இணைப்பை எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது, உயிர் போய்விடும். சேர்ந்த வாயுவைச் சோதிப்பதையும் ஆசிரியரே செய்ய வேண்டும். ஹைட்ரஜன் குழாயின் வாயருகே எரியும் குச்சியைக் காட்டினால் ‘பப்’ என்ற ஒலி வரும். ஆக்சிஜன் குழாய்க்குள் கனலும் ஊதுவத்தியை விட்டால் சட்டென்று சுடர்விடும்.

அளந்து பார்த்தால் பலமுறை கணக்கு இரண்டுக்கு ஒன்று என்று வராது. ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும். சோதனை தோற்றது என்று அதைத் தள்ளிவிட்டுப் புத்தக விடையை எழுதச் சொல்வது பெரிய இழப்பு. ஹைட்ரஜனைவிட ஆக்சிஜன் நீரில் கூடுதலாகக் கரையும். அதோடு பென்சில் கரியும் ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கரியமில வாயுவாகப் போகும். மின்வாயிலிருந்து கறுப்புத் துகள் உதிர்வதே அதற்கு அடையாளம். ஹாஃப்மன் விலை உயர்ந்த பிளாட்டினத்தை ஏன் வைத்தார் என்பது அந்த இடத்தில் விளங்கும். நிக்கல்சனின் பித்தளைக் கம்பி அரிக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். சோதனையைச் சில நிமிடம் ஓடவிட்டு, நீரில் ஆக்சிஜன் நன்றாகக் கரைந்தபின் குழாய்களைப் புதிதாக நிரப்பி அளந்தால் கணக்கு இரண்டுக்கு ஒன்றை நெருங்கும். கிடைத்த அளவு ஏன் இப்படி வந்தது என்று விசாரிக்கப் பழகிய பிள்ளைதான் நாளை பட்டறையில் போல்ட் ஏன் முறிந்தது என்று விசாரிக்கும்.

இப்போது ஏன் இது அவசரம்

1923இல் கேம்பிரிட்ஜில் பேசிய ஜே.பி.எஸ். ஹால்டேன், நிலக்கரி தீர்ந்த காலத்தில் வரிசை வரிசையான காற்றாலைகள் நீரைப் பிரித்து ஹைட்ரஜனைச் சேமிக்கும் என்றார். அவர் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து, இங்கேயே மறைந்தார். அவர் சொன்ன காலத்தின் வாசலில் இன்று நிற்கிறோம். 2023 ஜனவரி 4 அன்று ஒன்றிய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030இல் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அம்பத்தூருக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்திலுள்ள பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் நாட்டின் முதல் ஹைட்ரஜன் ரயில் பெட்டி வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டதாக 2025 ஜூலை 25 அன்று ரயில்வே அமைச்சர் அறிவித்தார். காரைக்குடியில் அடிக்கல் நாட்டி அன்றோடு 77 ஆண்டுகள் நிறைந்திருந்தன. ஜிந்த்–சோனிபட் பாதைக்கான அந்த ரயிலுக்கு வேண்டிய ஹைட்ரஜனை ஜிந்தில் நீரைப் பிரித்தே எடுக்கத் திட்டம்.

இந்த எண்களை நம் ஊர் அளவில் வைத்துப் பார்க்க மாணவரால் முடியும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது ஒன்பது லிட்டர் நீர் வேண்டும். 50 லட்சம் டன்னுக்கு 4.5 கோடி டன் நீர். பூந்தமல்லிக்குப் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10.3 கோடி டன். நாடு முழுவதும் ஓராண்டில் பிரிக்க வேண்டிய நீர், ஏரியின் பாதிகூட இல்லை. சுத்திகரிப்புக்கும் குளிர்விப்புக்கும் கூடுதல் நீர் போனாலும் பெரும் சுமை நீரில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 50 முதல் 55 யூனிட் செலவாகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் ஏறக்குறைய இரண்டு கிலோ ஹைட்ரஜன்தான் எடுக்கலாம். அதை எரித்தால் கிலோவுக்குச் சுமார் 33 யூனிட் திரும்ப வரும். எரிபொருள் கலத்தில் மின்சாரமாக மாற்றினால் அதிலும் பாதி. போட்டதைவிடக் குறைவாகவே திரும்பும். காற்றாலையும் சூரியத் தகடும் கொடுக்கும் மின்சாரத்தில் செய்தால் மட்டுமே இந்த ஏற்பாட்டுக்கு அர்த்தம் உண்டு.

இந்தக் கணக்கு தெரியாததால் தமிழ்நாடு ஏற்கெனவே ஏமாந்திருக்கிறது. 1996இல் மூலிகையையும் நீரையும் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்ற பேச்சைப் படித்தவர்களும் நம்பினார்கள். வெறும் தண்ணீரிலேயே வண்டி ஓடும் என்ற செய்தி இன்றும் ஆண்டுக்கொருமுறை கைப்பேசிகளில் சுற்றுகிறது. ஹைட்ரஜனை நீரிலிருந்து பிரிக்கச் செலவழித்த ஆற்றலைவிட, அதை மீண்டும் நீராக்கும்போது கூடுதல் ஆற்றல் ஒருநாளும் கிடைக்காது. பேட்டரி தீர்ந்ததும் குமிழி நிற்பதைத் தன் கண்ணால் பார்த்த பிள்ளையை அந்தச் செய்தி ஏமாற்றாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் நீரைப் பிரிக்கும் சோதனையைப் பிள்ளைகள் குழுவாகச் செய்ய வேண்டும். பிளேட்டிங் தொழிலில் அனுபவம் பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருநாள் பள்ளிக்கு வந்து பேக்கிங் ஏன் செய்கிறோம் என்று பேச வேண்டும். பாதுகாப்பான ஆலைகள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க வேண்டும். ஹைட்ரஜன் தொழில் நாளை இந்தப் புறநகருக்கு வேலைவாய்ப்பாக வரும்போது, அதற்குத் தயாரான தலைமுறை வகுப்பறையிலிருந்து வர வேண்டும். சைக்கிள் காலத்தில் நாம் தொழிலை முதலில் கற்றோம், அறிவியலைப் பிறகு கற்றோம், பலர் கற்காமலே போனோம். இந்த முறை இரண்டையும் சேர்த்தே கற்பதற்கு வாய்ப்பு வந்திருக்கிறது.

(அடுத்த பகுதி: ஆவடியில் விஜயந்தா டாங்கி உருண்ட நாள்கள்)